முப்பத்தோராம் பக்கத்துக் கொட்டகை

பிப்ரவரி 11

தங்கச்சிக்கு,

நீ எழுதிய புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. நீ அனுப்பி வரவில்லை. ஆற்றுக் கோயிலைப் பார்க்க வந்த ஒரு பயணி வெயிலுக்கு அதை வைத்து விசிறிக்கொண்டிருந்துவிட்டு, பெஞ்சிலேயே போட்டுவிட்டுப் போனாள். பெருக்கும்போது எடுத்தேன். ‘ஆற்றங்கரையின் மூன்று ஆலயங்கள்.’ பின்னட்டையில் உன் படம். கண்ணாடி உனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறையிலிருந்து நேராகப் போய் பஸ் ஏறினவள் நீ. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஆறு வருஷமாயிற்று. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது பாசம் பொங்கி இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக மூன்று கோயில் சாவியும் என் இடுப்பில்தான் தொங்குகிறது. அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, அதைச் சொல்லத்தான். நீ மூன்று தடவை வந்து போனதும் எனக்குத் தெரியும். நான் சந்தைக்குப் போகிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வந்து, ஃபாதரிடம் மாற்றுச் சாவி வாங்கித் திறந்திருக்கிறாய். திருடன்கூட இவ்வளவு விசாரித்துவிட்டு வரமாட்டான்.

ஏழாம் பக்கத்தில், இந்தச் சின்ன ஊரில் மூன்று கோயில்கள் எழுந்ததற்குக் காரணம் மக்களின் ‘பக்திப் பெருக்கு’ என்று எழுதியிருக்கிறாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பெரிய கோயிலில் முன் பெஞ்சில் யார் உட்காருவது என்று அடித்துக்கொண்டு, தோற்றவர்கள் போய் நடுக் கோயிலைக் கட்டினார்கள். அங்கேயும் முன் பெஞ்ச் ஒன்றுதான் என்று தெரிந்ததும், மிச்சப் பேர் ஆற்றுக் கோயிலைக் கட்டினார்கள். இதை அப்பா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

பன்னிரண்டாம் பக்கம். ஆற்றுக் கோயில் கல்படியில் இருக்கிற குழி, தலைமுறை தலைமுறையாக முழங்காலிட்டவர்களால் தேய்ந்ததாம். அம்மா மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டித் தீட்டி விழுந்த குழி அது. பக்கத்தில் உட்கார்ந்து செதில் பொறுக்கினவள் நீ.

பத்தொன்பதாம் பக்கம். மணியில் இருக்கும் விரிசல் மின்னல் தாக்கியதால் வந்ததாம். அப்பா குடித்துவிட்டு மணியை மாட்டப் போய்க் கீழே போட்டார். மின்னலாம்!

இதையெல்லாம் மன்னித்துவிடுவேன். முப்பத்தோராம் பக்கத்தை எப்படி மன்னிப்பது? நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய்: ‘ஆற்றுக் கோயிலின் அழகிய பின்சுவரை மறைத்துக்கொண்டு, கண்ணை உறுத்தும் ஒரு தகரக் கொட்டகை நிற்கிறது. அனுமதியற்ற இந்த ஆக்கிரமிப்பை அகற்றினால் ஆலயம் தன் பழைய பொலிவைப் பெறும்.’

அந்த ஆக்கிரமிப்பில்தான் நீ பிறந்தாய். நடுப்பகல். எனக்குப் பதினொரு வயசு; வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். தகரத்துச் சூடு தாங்காமல் நீ கத்தின கத்தலில் கோயிலுக்குள் பூசையை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே ஊருக்குத் தெரியும், இந்தக் குழந்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது என்று.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறவள், நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நலம்தான்.

முன் பெஞ்ச் சண்டையையும் மீன் கத்தியையும் எழுதினால் யார் வருவார்கள்? அந்தப் புத்தகத்தால்தான் புராதனக் கட்டடக் குழு உன் ஊரை எட்டிப் பார்த்தது. பட்டியலில் சேர்ந்துவிட்டால் கூரை ஒழுகாது, ஆற்றோரம் கரை கட்டுவார்கள். நீ முப்பத்தெட்டு வருஷம் சாவி வைத்திருந்து செய்ய முடியாததை என் நாற்பத்தெட்டுப் பக்கம் செய்திருக்கிறது.

பிழைகளைப் பற்றிப் பேச உனக்கு வாய் இருக்கிறதா என்று முதலில் யோசி. பெரிய கோயில் பக்கப் பீடத்தில் நிற்கும் சொரூபத்தின் மேல் இருந்த தங்கப் பூச்சை மணலும் கம்பிப் பஞ்சும் போட்டுத் தேய்த்து எடுத்தது யார்? முன்னூறு வருஷம் நின்றது, உன் கைக்கு ஒரு காலைப்பொழுது தாங்கவில்லை. நடுக் கோயில் சுவரில் கொடியும் பறவையுமாக இருந்த சித்திரத்தின் மேல் நீல வண்ணம் அடித்தது யார்? ஞானஸ்நானத் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்தது யார்? நான் மூன்றாவது தடவை வந்தபோது, ஒரு தேவதூதனின் தலையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தக் கோயில்களுக்கு ஆற்று வெள்ளம் செய்யாத கேட்டை நீ ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய்.

கொட்டகை விஷயத்தில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. ஆய்வாளர் என்ற முறையில் கண்ணில் பட்டதை எழுதினேன். உனக்குச் சாலையோரக் குடியிருப்பில் ஒரு அறை தருவார்கள். குழாய், கழிப்பறை எல்லாம் உண்டு. அறுபத்தோரு வயசில் வாளியில் தண்ணீர் தூக்குவது ஒரு பெருமையா?

தங்கை

மார்ச் 3

தங்கச்சிக்கு,

நலமா? கேட்டுவிட்டேன்.

சொரூபத்தைத் தேய்த்தது நான்தான். பிஷப் வருகிறார் என்று அப்போதிருந்த ஃபாதர், “எல்லாம் பளபளன்னு இருக்கணும், சொல்லிட்டேன்” என்றார். தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சளாக வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அது தங்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம் வீட்டில் தங்கத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீலம் அடித்ததும் அந்த ஃபாதர் சொல்லித்தான். வெங்காயம் மட்டும் என் யோசனை. அந்தத் தொட்டி நான் பிறக்கும் முன்பே வெடித்துப்போனது. உலர்ந்த இடம், வெங்காயம் அழுகாது. தேவதூதனின் தலை கூரையிலிருந்து விழுந்தது. அதை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்று கண்ணெதிரே வைத்திருந்தேன். கதவுக்கும் உதவியது.

நீ படித்தவள். இது தங்கம், இது சித்திரம் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்டு போட்டிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன். போடவில்லை. எல்லாம் போன பிறகு உட்கார்ந்து அழுதாயாம்.

உன் குழு போன வியாழக்கிழமை வந்தது. நாலு பேர், அளக்கிற நாடா, ஒரு கேமரா. தலைவர் என்று ஒருவர், கோயிலுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. வெளியே வந்து நம் வீட்டைப் பார்த்தார்.

“இங்க யாரு இருக்கா?”

“நான்.”

“எவ்ளோ நாளா?”

“பொறந்ததுலேர்ந்து.”

“அப்படிச் சொல்லக் கூடாதும்மா. எந்த வருஷத்துலேர்ந்துன்னு சொல்லணும்.”

சொன்னேன். எழுதிக்கொண்டார். அப்புறம் என்னை இரக்கமாகப் பார்த்து, “எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எங்க மேடம் ரொம்ப உறுதியா எழுதியிருக்காங்களே” என்றார். “அந்த அம்மாவுக்கு இந்த ஊர்ல யாரையாச்சும் தெரியுமா?” என்று கேட்டேன். “இல்லம்மா. அவங்களுக்கு இங்க யாருமே இல்ல. வெளியாளா இருந்தும் இந்த ஊர் மேல எவ்ளோ அக்கறை பாருங்க!” என்றார்.

கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை வீணாகப் போகக் கூடாதென்று மிச்சப் பசையில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டேன்.

யாருமே இல்லையாம்.

அக்கா

மார்ச் 12

பெறுநர்: காவலர், ஆற்றுக் கோயில்

மதிப்பிற்குரிய அம்மா,

ஆற்றுக் கோயிலின் பின்புறம் உள்ள தற்காலிகக் கட்டுமானம் தொடர்பாக, ஏப்ரல் 9 காலை பத்து மணிக்குப் பெரிய கோயிலில் விசாரணை நடைபெறும். தங்களிடம் குடியிருப்புக்கான ஆவணச் சான்று ஏதேனும் இருப்பின் அன்று நேரில் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். சான்று இல்லாத நிலையில் கட்டுமானம் அகற்றப்படும். தங்கள் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறோம்.

ஆலோசகர்,
புராதனக் கட்டடக் குழு

மார்ச் 16

ஆலோசகர் அம்மாவுக்கு,

தாங்களாம்! உனக்குப் பேன் பார்த்தவளுக்குத் தாங்கள். தபால்காரர் கொடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரி, “என்னக்கா, அரசாங்கக் கடுதாசியா?” என்று கேட்டாள். ஆமாம், பெரிய இடத்திலிருந்து வந்திருக்கிறது என்றேன். கீழே இருந்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? ‘ஆ’வுக்குச் சுழி போடத் தெரியாமல் நீ அழுதபோது கையைப் பிடித்துப் போடவைத்தவள் நான். இன்றைக்கும் அதே சுழிதான்.

அறுபது வருஷமாக நிற்கிற கட்டுமானத்துக்குத் தற்காலிகம் என்று பெயர் வைக்க என்ன படிப்புப் படிக்க வேண்டும்?

இவ்வளவு தூரம் உன்னை எது கொண்டுபோனது? பசியோடு அனுப்பினோமா? அடித்தோமா? பத்து வயசில் ஹாஸ்டலுக்குப் போனவள் அப்புறம் ஒரு விடுமுறைக்குக்கூட முழுசாக இருந்ததில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் படகுத்துறை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்புவாள். உன்னைக் கேட்கிறேன், எங்களிடம் எது நாறியது? மீனா, தகரமா?

அக்கா

மார்ச் 25

அக்கா,

கேட்டதால் சொல்கிறேன். திரும்பக் கேட்காதே.

மாதத்தின் முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? பூசை முடிந்ததும் பெரிய கோயிலில் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார்கள். “மணி அடிக்கறவர் பொண்ணு. நம்ம எல்லார் தயவுலயும் படிக்கிறா. நன்றி சொல்லு பாப்பா.” நான் நன்றி சொல்வேன். முன் பெஞ்சில் இருந்தவர்கள் என் செருப்பைப் பார்ப்பார்கள், அவர்கள் வீட்டில் கழித்துப்போட்டதுதானா என்று. சில நேரம் ஆமாம். பள்ளியில் என் பெயர் மணிக்கயிறு. யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், சத்தம் வரும். நீயும் அப்பாவும் அதே முன் பெஞ்சுக்காரர்களைப் பார்த்தால் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மீனை இல்லை, தகரத்தை இல்லை.

அந்தக் கோயில்களின் கல்லையும் மரத்தையும் நேசிக்கிறேன். அவற்றுக்குள் உட்கார்ந்த ஒரு முகத்தையும் நான் நேசித்ததில்லை. என்னைத் தெரியும் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்வதையும் நான் விரும்பவில்லை. கல்லூரியில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என் அப்பா ஒரு பள்ளி ஆசிரியர். என் கணவருக்கும் அதேதான் தெரியும், அவர் இறக்கும் வரை.

நீ என்னை இகழ்வாய் என்று தெரியும். நான் உன்னை அதைவிட அதிகமாக இகழ்கிறேன். உனக்கு வெளியேற வழி இருந்தது. துணி தைக்கிற வேலைக்கு நகரத்தில் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. யாரோ சண்டை போட்டுக் கட்டிய மூன்று கட்டடத்தைப் பெருக்கிக்கொண்டே கிழவியாகிவிட்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன். விசாரணையில் என் பெயரை எடுக்காதே.

தங்கை

ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

நீயும் அங்கேதான் இருந்தாய். இருந்தாலும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

பீடத்துக்கு முன்னால் நீளமான மேசை போட்டு, ஐந்து பேர் உட்கார்ந்தீர்கள். நீ ஓரத்தில். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. பெருக்கும்போது எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பார்த்ததில் சொல்கிறேன், இதற்காக மூன்று கோயில் கட்டியிருக்க வேண்டாம். முதுகு வலிக்கிறது.

ஊரில் உன்னை அடையாளம் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேராவது உள்ளே இருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்? உன் புத்தகத்தால் பஸ் வருகிறது, பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்கள். தேநீர்க் கடைக்காரர் எழுந்து, “கொட்டகை போயிருச்சுன்னா வண்டி நிறுத்த இடம் கெடைக்கும்” என்றார். அவருடைய அம்மா உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது நான் பத்து நாள் கஞ்சி கொண்டுபோனேன். அதை நான் சொல்லவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவும் இல்லை.

தொப்பிக்காரர் கேட்டார், “சான்று ஏதாவது இருக்காம்மா?”

என் மடியில் ஒரு துணிமூட்டை இருந்ததை நீ பார்த்தாய். பார்த்ததும் உன் கை மேசைக்குக் கீழே போனது. அது என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. ஞானஸ்நானப் பதிவேடு. அதில் எனக்கு ஒரு வரி இருக்கிறது: ‘வசிப்பிடம், ஆற்றுக் கோயில் பின்புறம்.’ அதே பதிவேட்டில் பதினொரு வருஷம் தள்ளி இன்னொரு வரி இருக்கிறது. அதே அப்பா, அதே அம்மா, அதே வசிப்பிடம். என் பக்கத்தைத் திறந்தால் அவர்கள் அடுத்ததையும் புரட்டிப் பார்க்காமல் விடுவார்களா?

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“மேடம், நீங்க என்ன சொல்றீங்க?” என்று உன்னைக் கேட்டார்.

“அறிக்கைல இருக்கறதுதான் என் கருத்து” என்றாய். குரல் நடுங்கவில்லை. நல்ல பயிற்சி.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்து அழுதுகொண்டிருக்காதே. உன்னைக் காட்டிக்கொடுத்து அந்த வீட்டில் இருந்தால், நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். நகரத்தில் தையல் வேலைக்குக் கூப்பிட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வருஷம்தான் அப்பா மணிக்கூண்டிலிருந்து விழுந்தார். அவர் இடத்தில் யாரும் மணி அடிக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். உனக்கு ஹாஸ்டலில் இடமும் போயிருக்கும். உனக்கு இது தெரியாது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அக்கா

மே 2

அக்கா,

உன் கடிதத்தைப் பத்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை என்று எழுதினால், தங்கத்தைப் பற்றி நீ எழுதியது போலவே இருக்கும். இருந்தாலும் அதுதான் உண்மை.

முந்தாநாள் தலைவரின் அலுவலகத்துக்குப் போனேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அந்தக் கொட்டகை என் வீடு, காவலர் என் அக்கா, அப்பா பள்ளி ஆசிரியர் இல்லை, மணி அடித்தவர், பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, தலையில் வானம் இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவர், “அப்படியா!” என்றார். பிறகு, “அதனால என்ன மேடம்? யாரு பொறந்தாலும் கொட்டகை கொட்டகைதானே?” என்றார்.

“பதிவேடு சான்று இல்லையா?” என்றேன்.

“பழைய பதிவேடா? எவ்ளோ பழசு? அத ஒரு கண்ணாடிப் பெட்டில வெச்சு, பெரிய கோயில் வாசல்ல வெச்சா நல்லாருக்குமே!” என்று உடனே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். “தேநீர் சாப்பிடறீங்களா?”

நாற்பது வருஷம் நான் மூடி வைத்திருந்த விஷயத்துக்கு அந்த மனிதர் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்கவில்லை. அதற்காகக் கணவரிடம் பொய் சொன்னேன், அம்மாவின் வீட்டு வாசலைத் தாண்டாமல் வந்தேன், உன்னைத் தாங்கள் என்று அழைத்தேன். கடைசியில் அது யாருக்கும் வேண்டாத விஷயம். உத்தரவு கையெழுத்தாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம்.



தங்கை

ஜூன் 3

தங்கச்சிக்கு,

இடித்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. நான் பிறந்து அறுபத்தோரு வருஷமாக நின்றது, நாலு ஆளுக்கு ஒரு மணி நேர வேலை. அடுப்பு இருந்த இடத்தில் சுவர் கன்னங்கரேல் என்று இருந்தது. “இத என்ன செய்யறது?” என்று ஒருத்தன் கேட்டான். “சுண்ணாம்பு அடிச்சிரு” என்றான் இன்னொருத்தன். அடித்துவிட்டார்கள். தகரத்தைத் தேநீர்க் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு வெட்கம் என்ற ஒன்றைக் கடவுள் வைத்துப் படைக்கவில்லை.

சாலையோர அறைக்கு வந்துவிட்டேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குப் புரியும்.

நீ அந்தத் தொப்பிக்காரரிடம் போய்ச் சொன்னதைப் பற்றி என்ன சொல்வது? அதற்கு மூன்று வாரம் முன்னால், விசாரணை நடந்த அந்த மேசையில், எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தால் அது ஒரு பேச்சு. மூடின அறையில் போய்ச் சொல்லி, அவர் தேநீர் சாப்பிடச் சொன்னார் என்று என்னிடம் வந்து குறைப்படுகிறாய். வேறென்ன செய்வார்?

சாவிகளைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். ஜூலையில் திறப்பு விழாவாம். நீ பேசப்போகிறாய் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. வந்தால் என் அறைப் பக்கம் வராதே.

அக்கா

ஜூன் 15

அக்கா,

வரமாட்டேன் என்று எழுதி, கிழித்துவிட்டேன். விழாவுக்கு வருகிறேன். உன் அறைக்கு வரவில்லை.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எல்லாப் பக்கத்திலும் உன் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

தங்கை

ஜூலை 9

தங்கச்சிக்கு,

விழா முடிந்ததும் நீ பஸ் ஏறிவிட்டாய். வராதே என்றால் வராமலேயே போய்விடுவதா? அதனால் அதற்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

முதலில் கதவு. அன்றைக்கு நான் கூட்டத்தின் கடைசியில்தான் நின்றேன். அதற்கு முன் நாலு நாள் மழை, ஆறு படி வரை ஏறியிருந்தது. ஈரத்துக்கு ஆற்றுக் கோயில் கதவு ஊதிக்கொள்ளும். சாவி மட்டும் போதாது. அவர்கள் என்னிடம் சாவியைத்தான் கேட்டார்கள். கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொப்பிக்காரர் திருகினார், ஃபாதர் திருகினார், பூட்டுக்காரர் எண்ணெய் விட்டார். ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பெரிய மனிதர்கள் வெயிலில் நின்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்த அரைமணி நேரம் வேறு இல்லை.

அப்போதுதான் நீ அவர்களை விலக்கிவிட்டு முன்னால் போனாய். அந்த நல்ல உடுப்போடு, முழங்காலைக் கீழ்ப்பலகையில் கொடுத்து, கைப்பிடியைத் தூக்கி, தோளால் ஒரு இடி. அப்பா இடிக்கிற மாதிரியே. கதவு திறந்தது. உன் முழங்கால் முழுக்கச் சேறு.

“எப்படி மேடம் தெரிஞ்சது?” என்று அவர் கேட்டார்.

மைக் உன் கையில் இருந்தது. “நான் இங்க பொறந்தவ. இந்தக் கோயிலுக்குப் பின்னால நீங்க இடிச்சீங்களே, அது எங்க வீடு. இடிக்கச் சொல்லி எழுதினவளும் நான்தான். அதோ கடைசில நிக்கறாங்களே, அவங்க எங்க அக்கா. இந்த மூணு கோயிலும் இன்னிக்கு நிக்குதுன்னா அவங்கதான் காரணம். என் புத்தகத்துல அவங்க பேரே இல்ல” என்றாய்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்புறம் கை தட்டினார்கள். விழா நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள், மடையர்கள்! ஒருத்தி என்னைப் படம் எடுத்தாள். தேநீர்க் கடைக்காரர்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

நீ சொன்னதில் ஒரு தப்பு. கோயில் நிற்பதற்குக் காரணம் நான் இல்லை. தங்கத்தைத் தேய்த்தவள் நான். அதையும் சொல்லியிருக்கலாம். மற்றபடி பரவாயில்லை. குரல் நடுங்கியது. கேட்கும்படிதான் இருந்தது.

இனி நடந்ததைக் கேள். போன திங்கட்கிழமை தொப்பிக்காரர் என் அறைக்கு வந்தார். முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை, வழுக்கை.

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் வாழ்ந்த வீட்டப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. அதத் திரும்பக் கட்டலாம்னு குழு முடிவு பண்ணிருக்கு. அதே எடத்துல. அதே தகரம் கெடைச்சா ரொம்ப நல்லது.”

“தகரம் தேநீர்க் கடைக் கூரைல இருக்கு” என்றேன்.

“கேட்டு வாங்கிரலாம். உள்ள அடுப்பு, வாளி, பாய் எல்லாம் வெச்சு, வாசல்ல ஒரு கயிறு கட்டிருவோம். வர்றவங்க வெளிய நின்னு பாக்கலாம்.”

“உள்ள யாரு இருப்பா?”

“யாரும் இருக்க மாட்டாங்கம்மா. அது ஒரு காட்சிப்பொருள் மாதிரி.”

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, பாவம், உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஒன்றும் வீணாக்கவில்லை.

“அது எங்க வீட்டு விஷயம். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அவகிட்டயும் கேக்கணும்” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம்.

என் பதிலை முடிவு செய்துவிட்டேன். உன் பதில் எனக்குத் தெரியாது. தபாலில் எழுதாதே, நீ எழுதினால் அழகாக எழுதிவிடுவாய், எனக்கு நம்பிக்கை வராது. சந்தை நாளாகப் பார்த்து வராமல், நான் வீட்டில் இருக்கிற ஒரு நாளில் வந்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்.

அக்கா